டெஸ்க்டாப் திரைக்கு எந்த மார்க்அப்? ஒரு பில்லிங் மென்பொருளை முன்வைத்து

அரிசி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் பத்து வருடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் திரைகளைக் கட்டும் மைக்ரோசாஃப்டின் பழைய கருவியான விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதியது. எந்தப் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதை, இடப்பக்கத்திலிருந்து இத்தனை பிக்சல், மேலிருந்து இத்தனை பிக்சல் என்று அதன் டிசைனர் எழுதி வைத்துவிடும். போன வருடம் அண்ணாச்சி இரண்டு காரியம் செய்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்று பெரிய மானிட்டர் வாங்கி, விண்டோஸில் திரையளவை 150 சதவீதமாக்கினார். அப்புறம், லேபிள் எல்லாவற்றையும் தமிழில் மாற்றச் சொன்னார். மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கம் இருந்த இடத்தில் ‘மூட்டை எண்ணிக்கை’ என்று போட்டதும், ‘எண்ணிக்கை’ பக்கத்துப் பெட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மேல்விலங்கு போட்ட எழுத்துகளுக்கெல்லாம் தலை வெட்டுப்பட்டது.

பிக்சல் கணக்கைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய், திரையை டேக் எனும் குறிச்சொற்களால் விவரிக்கும் மார்க்அப்பில் எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடலாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவுக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. எந்த மார்க்அப் என்பதில்தான் இரண்டு மாதம் போனது.

மார்க்அப்பில் யாரும் பிக்சல் எண்ணுவதில்லை. இந்த வரிசை உள்ளே இருப்பதன் உயரத்துக்கு ஏற்ப விரியட்டும், மிச்ச இடமெல்லாம் அட்டவணைக்கு, இந்த லேபிள் நீண்டால் பக்கத்தில் இருப்பது நகர்ந்து கொடுக்கட்டும் என்று உறவுமுறையைச் சொல்லிவிட்டால் போதும். கணக்குப் போடுவது, அதைப் படித்துத் திரையை வரையும் ஃபிரேம்வொர்க்கின் பாடு. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. திரை ஒரு மொழியிலும் நிரல் இன்னொரு மொழியிலும் இருக்கும்போது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் என்ன நடக்கிறது என்று, நிரலைச் சரிபார்த்து ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலருக்குத் தெரியாமல் போகலாம். நிரலில் ‘விலை’ என்று இருக்கிறது, திரைக் கோப்பில் கைதவறி ‘வலை’ என்று எழுதிவிட்டீர்கள். யார் சொல்வார்கள்? எப்போது சொல்வார்கள்?

என் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். ஒவ்வொன்றிலும் எடை, விலை, மொத்தம் என்று மூன்று பெட்டி உள்ள ஒரே திரையைக் கட்டினேன். பிறகு வேண்டுமென்றே ஒரு பெயரைப் பிழையாக எழுதிவிட்டு, என்ன ஆகிறது என்று பார்த்தேன். அழகு, வேகம், புதுமை எல்லாம் அதற்கு அடுத்தபடி.

முதலில் டபிள்யூ.பி.எஃப், விண்டோஸ் திரைகளுக்கான மைக்ரோசாஃப்டின் ஃபிரேம்வொர்க். 2006 நவம்பரில், நிரல்கள் ஓடும் தளமான டாட்நெட் 3.0 உடன், விஸ்டா காலத்தில் வந்தது. அதன் மார்க்அப்பான ஸாமலைப் பலர் ‘மைக்ரோசாஃப்டின் ஹெச்.டி.எம்.எல்’ என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் ஆழமாகப் பார்த்தால் அது ஆவணம் எழுதும் மொழியே இல்லை. ஒவ்வொரு டேகும் அந்தப் பெயருள்ள கிளாஸிலிருந்து ஒரு பொருளை உருவாக்குகிறது. ஒவ்வொரு ஆட்ரிபியூட்டும் அந்தப் பொருளின் ஒரு பண்பை நிரப்புகிறது. சி ஷார்ப்பில் நாற்பது வரி எழுதுவதை மரம் போல அடுக்கி எழுதுகிறோம், அவ்வளவுதான். இது புரிந்த பிறகு ஸாமலில் பாதி மர்மம் போய்விடும்.

டேக் பெயரைப் பிழையாக எழுதினால் பில்ட், அதாவது கம்பைல் செய்து மென்பொருளாக்கும் வேலை, நின்றுவிடுகிறது. நல்லது. பைண்டிங்கில், அதாவது திரைப் பெட்டியை நிரலின் மதிப்போடு இணைக்கும் வரியில், பிழை செய்தால் கதையே வேறு. பில்ட் ஆகிறது, திரை திறக்கிறது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மொத்தம் என்ற பெட்டி மட்டும் காலி. டெவலப்பரின் அவுட்புட் ஜன்னலில் நூறு வரிகளுக்கு நடுவே ‘பிழை 40’ என்று ஒரு வரி கிடக்கும். பைண்டிங்குக்குப் பின்னால் எந்த வகைப் பொருள் வரப்போகிறது என்பது ஓடும்போதுதான் தெரியும் என்பதால், கம்பைலரால் முன்கூட்டிச் சரிபார்க்க முடிவதில்லை. இப்போது நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவில் இந்தப் பிழைகளுக்கென்று தனி ஜன்னலே இருக்கிறது; பார்க்கிற கண்தான் வேண்டும். வேறொரு வேலையில் தள்ளுபடிப் பெட்டி இப்படிக் காலியாகப் போய், ‘இன்றைக்குத் தள்ளுபடி இல்லை போல’ என்று கவுன்டரில் இருந்தவர் நாள் முழுக்க முழு விலைக்கு பில் போட்ட அனுபவம் எனக்கு உண்டு. தப்பு என்னுடையது. மென்பொருள் ஒரு முனகல்கூட முனகவில்லை.

இன்னொரு குறை, சடங்குகள். ஒரு பண்பு மாறியதைத் திரைக்குத் தெரிவிக்க அறிவிப்பு நிரல் எழுத வேண்டும். ஆம் அல்லது இல்லை என்ற மதிப்பைத் தெரியும் அல்லது மறையும் என்று மாற்ற ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். பட்டனின் மூலையைக் கொஞ்சம் உருட்ட வேண்டும் என்றால்கூட அதன் தோற்றத்தை வரையறுக்கும் முழு டெம்ப்ளேட்டையும் நகல் எடுத்து ஒட்டும்படி ஆகும். அதைப் பொறுத்துக்கொண்டால் கிடைப்பதும் அதிகம். ஏறக்குறைய இருபது வருடமாக யாரோ ஒருவர் எங்கோ கேட்டுப் பதில் வாங்காத கேள்வி என்று டபிள்யூ.பி.எஃப்பில் எதுவும் இல்லை. அச்சடிப்பு உள்ளேயே இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோவே 2010 பதிப்பிலிருந்து தன் முகத்தை இதில்தான் எழுதிக்கொண்டது. 2018 டிசம்பரில் மூலநிரல் திறந்துவிடப்பட்டு, புதிய டாட்நெட்டிலும் ஓடுகிறது. விண்டோஸைத் தாண்டி மட்டும் ஒரு அடி வைக்காது.

மைக்ரோசாஃப்டின் மற்ற ஸாமல்களை ஒரே வீட்டில் நாலு அடுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். சில்வர்லைட் 2007இல் வந்து 2021 அக்டோபரில் ஆதரவு முடிந்தது. யூ.டபிள்யூ.பி விண்டோஸ் 10 உடன் வந்தது. வின்யூஐ 3 இப்போதைய செல்லப்பிள்ளை. பைண்டிங்கைக் கம்பைல் செய்யும் வசதி இருக்கிறது, ஆனால் இழுத்துப் போட்டு வரையும் டிசைனர் கிடையாது. மாவி 2022இல் வந்தது. அது மொபைலிலிருந்து டெஸ்க்டாப்புக்கு நீட்டப்பட்டது, லினக்ஸ் அதில் இல்லை. எல்லாமே ஸாமல்தான், ஆனால் ஒன்றில் எழுதிய கோப்பை இன்னொன்றில் அப்படியே ஒட்ட முடியாது. டேக் பெயர் மாறும், பண்பு மாறும், ஸ்டைல் எழுதும் விதம் மாறும்.

இந்த வீட்டுக்கு வெளியே இருந்து வந்த அவலோனியாதான் எனக்கு அதிகம் பிடித்தது. 2013இல் பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய, ஸாமலில் எழுதும் திறந்தமூலத் திட்டம். 2023இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து நம்பி இறங்கலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பட்டன்களைத் தானே ஸ்கியா என்ற வரைகலை நிரலகம் வழியாக வரைந்துகொள்கிறது, அதனால் எங்கும் ஒரே முகம். இந்தத் திரைக்குப் பின்னால் இன்ன வகைப் பொருள் இருக்கும் என்று மேலே ஒரு வரி எழுதிக் கம்பைல் பைண்டிங்கை வைத்துக்கொண்டால், ‘வலை’ என்று எழுதிய மறுநொடி பில்ட் நின்றுவிடுகிறது. வரி எண்ணோடு. நான் தேடியது இதைத்தான். ஸ்டைலும் இணையப் பக்கங்களின் சி.எஸ்.எஸ் போலத் தேர்விகளை வைத்து எழுதுவதால், டபிள்யூ.பி.எஃப்பில் வரும் டெம்ப்ளேட் நகல் வேலை பாதியாகக் குறைகிறது.

பிறகு ஏன் இங்கேயே கட்டுரையை முடிக்கவில்லை? அச்சடிப்பு. 11ஆம் பதிப்பில் அச்சுக்கென்று தனி வசதி எதுவும் கூடவே வரவில்லை. பிடிஎஃப்பாக மாற்றி அனுப்பலாம், விண்டோஸின் பழைய அச்சு நிரலகத்தை நேரடியாக அழைக்கலாம், முடியாதது இல்லை. ஆனால் பில்லிங் மென்பொருளில் அச்சுதான் உயிர். கடையில் இருக்கும் தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. பில்லைப் படமாக வரைந்து அனுப்பினால்தான் ‘பொன்னி’ பொன்னியாக வரும், இல்லையென்றால் கேள்விக்குறிகள் வரும். அந்த வேலையை ஏற்கெனவே டாட்நெட்டில் செய்து வைத்திருக்கிறேன். அதை மறுபடி தோண்டிப் பார்க்க மனம் வரவில்லை.

பல இயங்குதளங்களுக்கும் பொதுவான க்யூட் ஃபிரேம்வொர்க்கின் பக்கம் போனால், அதன் மார்க்அப் க்யூ.எம்.எல். 2010இல் க்யூட் 4.7 உடன் வந்தது. கோண அடைப்புகள் இல்லாமல் நெளி அடைப்புக்குள் எழுதுவதால் மார்க்அப்பா இல்லையா என்று சண்டை போடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் அக்கறை இல்லை. மொத்தம் என்ற பெட்டியின் மதிப்பாக ‘எடை பெருக்கல் விலை’ என்று எழுதினால், எடை மாறும்போதெல்லாம் மொத்தம் தானாக மாறுகிறது. அறிவிப்பு நிரல் இல்லை, கன்வெர்ட்டர் இல்லை. ஸாமலில் பல வருடம் உழன்றவனுக்கு இது கோடை மழை மாதிரி. ஆனால் எங்காவது ஒரு பட்டனின் கிளிக்கில் மொத்தத்துக்கு நேரடியாக ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால், அந்தக் கணமே அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். அறுந்ததைத் திரை காட்டாது. அதற்குப் பிறகு எடையை எத்தனை முறை மாற்றினாலும் மொத்தம் அசையாது. என் ‘வலை’ சோதனையிலும் ஓடும்போது கன்சோலில்தான் புலம்பல் வந்தது. பிழை தேடும் லின்ட் கருவியைத் தனியே ஓட்டினால் முன்னாலேயே பிடிக்கலாம்.

க்யூட் குடும்பத்தில் பலர் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. பட்டன், பெட்டி போன்ற பழைய விட்ஜெட்டுகளும் மார்க்அப்தான். டிசைனரில் வரைந்தால் எக்ஸ்.எம்.எல் கோப்பு உருவாகும். அதை ஒரு கருவி சி பிளஸ் பிளஸ் நிரலாக மாற்றிக் கொடுக்கும். அப்புறம் பெயர் தப்பினால் கம்பைலரே காதைத் திருகும். பாய்ந்து வரும் பட்டனும் மறைந்து தோன்றும் படமும் வேண்டுமென்றால் க்யூ.எம்.எல், லினக்ஸின் கே.டி.இ பிளாஸ்மா டெஸ்க்டாப்பும் பல கார்களின் திரைகளும் அதற்குச் சாட்சி. நாற்பது பெட்டி, ஒரு அட்டவணை, டேப் அடித்தால் அடுத்த பெட்டி என்ற அலுவலகத் திரைக்கு விட்ஜெட்தான் இன்றைக்கும் கெட்டி என்பது என் கருத்து. இறங்குவதற்கு முன் உரிமத்தை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். பெரும்பகுதி எல்.ஜி.பி.எல் 3 என்ற திறந்தமூல உரிமத்தில் கிடைக்கிறது, அதை வைத்து மூடிய மென்பொருளும் விற்கலாம்; ஆனால் வரைபடங்களுக்கான சார்ட்ஸ் போன்ற சில பகுதிகள், உங்கள் நிரலையும் திறந்துவிடக் கேட்கும் ஜி.பி.எல்லில் மட்டும் வருகின்றன, இல்லையென்றால் காசு.

லினக்ஸ் பக்கம் புழங்கும் ஜி.டி.கேயும் ஜாவா மொழியின் ஜாவாஎஃப்எக்ஸும் என் பட்டியலில் வந்தன, சீக்கிரம் போயின. ஜி.டி.கேயின் எக்ஸ்.எம்.எல் கையால் எழுத லாயக்கில்லாத அளவுக்கு வளவள. அதற்கு மேல் புளூபிரின்ட் என்ற சின்ன மொழி வந்திருக்கிறது, எழுத இதமாக இருக்கிறது. லினக்ஸின் நோம் டெஸ்க்டாப்புக்கு எழுதுகிறவர்களுக்குச் சரி. ஜாவாஎஃப்எக்ஸின் எஃப்.எக்ஸ்.எம்.எல் 2011 வாக்கில் வந்தது, திரையை வரைய சீன் பில்டர் நல்ல கருவி. ஆனால் 2018இல் ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பான ஜே.டி.கே 11இலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள், தனியாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழு முழுக்க ஜாவா தெரிந்தவர்கள் என்றால் பார்க்கலாம்.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: ‘ஏன் சார், ஹெச்.டி.எம்.எல்லிலேயே எழுதக் கூடாதா?’ எழுதலாம். அப்படி எழுதிய திரையை டெஸ்க்டாப் மென்பொருளாக்கும் எலக்ட்ரான், 2013இல் ஆட்டம் என்ற நிரல் எடிட்டருக்காக ஆட்டம் ஷெல் என்ற பெயரில் தொடங்கியது. அதில் எழுதிய விஎஸ் கோட் எடிட்டர் உலகமெங்கும் பரவிய பிறகு அதன் மேல் இருந்த ஏளனம் குறைந்தது. உள்ளே, குரோம் பிரவுசருக்கு அடித்தளமான முழு குரோமியமும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடும் இருக்கின்றன. ‘வணக்கம்’ என்று ஒரு வரி காட்டும் மென்பொருளே நூறு எம்.பியைத் தாண்டும். நாலு ஜிபி நினைவகம் உள்ள கவுன்டர் கணினியில், ஏற்கெனவே குரோம் திறந்திருக்கும்போது இன்னொரு குரோமைத் திறப்பதற்குச் சமம்.

தமிழைப் பொறுத்தவரை எதிலும் இல்லாத நிம்மதி இதில் கிடைத்தது. எழுத்து வெட்டுப்படவில்லை, வரி சரியான இடத்தில் உடைகிறது, உயரம் தானாக ஒதுங்குகிறது. ஒரே ஒரு விஷயத்தில் ஹெச்.டி.எம்.எல் உட்பட யாரும் தமிழுக்கு உதவவில்லை. பெட்டியில் அதிகபட்சம் இத்தனை எழுத்து என்று வரம்பு வைத்தால், எல்லோரும் யுனிகோட் குறியீடுகளைத்தான் எண்ணுகிறார்கள். ‘கோவிந்தன்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. இருபது என்று வரம்பு வைத்த வாடிக்கையாளர் பெயர்ப் பெட்டியில் ‘கோவிந்தன் அரிசி மண்டி’ கடைசிக் கொம்பு இல்லாமல் ‘மண்ட’ என்று நின்றது. வரம்பை மார்க்அப்பில் வைக்காமல் நிரலில் எழுத்தெண்ணி வைப்பதுதான் வழி.

என் சோதனையில் ஹெச்.டி.எம்.எல்தான் படுமோசம், அதுவேதான் பிரமாதமும். வெறும் ஹெச்.டி.எம்.எல்லுக்குக் கோபமே வராது. டேக் பெயரைக் கன்னாபின்னாவென்று எழுதினாலும் புதுப் பெயர் போலிருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளும், சி.எஸ்.எஸ்ஸில் தெரியாத பண்பு இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். நாளை வரப்போகும் புதிய டேகுகள் பழைய பிரவுசரை உடைக்கக் கூடாது என்பதற்காக வைத்த பெருந்தன்மை அது. இணையத்துக்கு வரம், பில்லிங்குக்குச் சாபம். ஆனால் வகை சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் மொழியும் திரை கட்டும் ரியாக்ட் நிரலகமும் சேர்த்து, திரையை நிரலுக்குள்ளேயே டேகாக எழுதினால் நிலைமை தலைகீழ். ‘வலை’யின் அடியில் தட்டச்சு செய்யும்போதே சிவப்புக் கோடு விழுகிறது. பில்ட் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரானை நான் விட்டதற்கு எடை மட்டும் காரணமில்லை. அதன் பெரிய பதிப்புகள் எட்டு வாரத்துக்கு ஒன்று வருகின்றன, கடைசி மூன்றுக்குத்தான் ஆதரவு. உள்ளே இருப்பது பிரவுசர் என்பதால் பாதுகாப்புத் திருத்தங்களை விட்டுவைக்கவும் முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன்னால், கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு அப்டேட் போட்டு வருகிறவன் நான். எனக்கும் இந்த ஓட்டத்துக்கும் ஒத்துவராது.

அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது டாரி. டௌரி என்றுதான் உச்சரிக்க வேண்டுமாம், எனக்கு வரதட்சணை ஞாபகம் வருவதால் டாரி என்றே எழுதுகிறேன். 2022இல் முதல் நிலையான பதிப்பு, 2024இல் இரண்டாவது. பிரவுசரைச் சுமந்து வராமல் கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துகிறது: விண்டோஸில் வெப்வியூ 2, மேக்கிலும் லினக்ஸிலும் வெப்கிட் வகையறா. மென்பொருள் சில எம்.பியில் முடிந்துவிடுகிறது, விண்டோஸில் வெப்வியூ தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். மூன்று இயங்குதளத்துக்கும் விற்கிறீர்கள் என்றால் மூன்று பிரவுசரிலும் சோதிக்க வேண்டும், அது இதன் தட்சணை. பின்புலம் ரஸ்ட் மொழி; சி ஷார்ப்பில் கிடக்கும் என் வரிக் கணக்கையும் இருப்புக் கணக்கையும் மறுபடி எழுதும் தெம்பு எனக்கு இல்லை. வெப் தெரிந்த இரண்டு இளைஞர்கள் புதிதாகத் தொடங்குகிறார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு டாரியையும் டைப்ஸ்கிரிப்டையும் சொல்வேன்.

தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு பயமும் கூடவே இருந்தது. மார்க்அப் மொழிகளின் இடுகாடு பெரியது. மோசில்லாவின் ஸூல் ஒரு காலத்தில் ஃபயர்ஃபாக்ஸின் திரை முழுக்க இருந்தது. அதை நம்பி எத்தனையோ நீட்சிகள் எழுதப்பட்டன. 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்தபோது அவை மொத்தமாக நின்றன. ஃப்ளெக்ஸின் எம்.எக்ஸ்.எம்.எல் ஃபிளாஷோடு போயிற்று. சில்வர்லைட்டை மேலே சொல்லிவிட்டேன். எழுதுவதற்கு இவை ஒன்றும் மோசமில்லை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிளகின்னையோ பிரவுசரையோ தூணாகப் பிடித்துக்கொண்டிருந்தது, தூண் போனதும் கூரையும் போயிற்று. அதனால் எதை எடுத்தாலும், கணக்குப் போடும் நிரலில் திரை சம்பந்தப்பட்ட ஒரு வரிகூட வராமல் பார்த்துக்கொள்வது என்று முதலிலேயே வைத்துக்கொண்டேன்.

கடைசியில் டபிள்யூ.பி.எஃப்பையே எடுத்தேன். கடையில் நாலு கணினி, நாலும் விண்டோஸ். மேக் வைத்திருப்பது அண்ணாச்சியின் மகன் மட்டும்தான், அவருக்கு வேண்டியது வாரக் கணக்கு. அது மெயிலில் பிடிஎஃப்பாகப் போகிறது. மூன்று இயங்குதளம் வேண்டும் என்று ஆரம்பத்தில் நான் போட்ட நிபந்தனையே வெறும் ஆசை என்பது அப்போதுதான் உறைத்தது. உண்மையிலேயே தேவை இருந்திருந்தால் அச்சு வேலையைச் சகித்துக்கொண்டு அவலோனியாவுக்குப் போயிருப்பேன்.

மௌனப் பைண்டிங்குக்கு ஒரு வைத்தியம் செய்திருக்கிறேன். பைண்டிங் பிழைகள் போய்ச் சேரும் டிரேஸ் மூலத்தில் அவற்றைக் கேட்டுப் பிடிக்கும் லிசனர் ஒன்றைச் சொந்தமாக எழுதி மாட்டி, பிழை வந்தால் சோதனைப் பதிப்பு அங்கேயே நொறுங்கி விழும்படி வைத்துவிட்டேன். இருபது வரி நிரல். எந்தத் திரையைத் திறந்தாலும், ஒரு பெயர் தப்பாக இருந்தால் மென்பொருள் என் மூஞ்சியிலேயே விழும், கடையில் விழாது. பில்ட் நேரத்தில் பிடிப்பதற்கு இது ஈடாகாதுதான். எல்லாத் திரைகளையும் ஒருமுறையாவது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பில் போடும் திரையை முதலில் மாற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். 150 சதவீதத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ‘மூட்டை எண்ணிக்கை’ என்ற லேபிள் கைகால் நீட்டி உட்கார்ந்திருக்க, பக்கத்துப் பெட்டி மரியாதையாக ஒதுங்கியிருந்தது. அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

“எதுக்கு தம்பி இவ்வளவு நீளமா? மூட்டைன்னு போட்டா போதாதா?”